நல்ல சூடு

தேயிலைத் தூளை உள்ளங்கை நிறைய அள்ளுவார். இரண்டு கைகளையும் கிண்ணம்போலக் குவித்து, அதற்குள் முகத்தைக் கவிழ்த்து, கண்ணாடியைத் துடைக்க ஊதுவதுபோல "ஹா" என்று நீளமாக ஒரு மூச்சை விடுவார். ஊதி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு அந்த மூச்சையே மூக்கால் திரும்ப வாங்குவார். காய்ந்த தூள் தானாக வாசத்தைக் கொடுத்துவிடாது. மனிதச் சூடும் ஈரமும் பட்டால்தான் கொஞ்சம் வாய் திறக்கும். தேயிலைத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான் இது; கொழும்பில் சுவை பார்க்கிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இவர் மூச்சை வாங்கிய உடனே நிமிர மாட்டார். இரண்டு விநாடி அப்படியே குனிந்திருப்பார். யாரோ காதோடு ஒரு ரகசியம் சொல்லிக்கொண்டிருக்க, அவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல இருக்கும்.

அந்த இரண்டு விநாடியை ஏறக்குறைய நாற்பது வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

போன மாசியில் அவர் இறந்தார். கொட்டகலையில், மகன் கட்டிய சின்ன வீட்டில், விடிகாலை மூன்று மணிக்கு. வயது 82. செய்தி கேட்டதும் எனக்கு முதலில் உறைத்தது அந்த நேரம்தான். மூன்று மணி என்றால் ஸ்டோரில் ரோலர் ஓடிக்கொண்டிருக்கும். வெளியூர் வாசகருக்காக ஒரு வார்த்தை: தேயிலைத் தொழிற்சாலையை உத்தியோகத்தர்கள் ஃபெக்டரி என்பார்கள், லயத்துச் சனங்கள், அதாவது வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளர்கள், ஸ்டோர் என்பார்கள். இவர் உத்தியோகத்தர்தான். ஆனாலும் கடைசிவரை ஸ்டோர் என்றே சொன்னார்.

நான் தமிழ் வாத்தியார். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளுக்கு நயம் எழுதச் சொல்லிக்கொடுத்தே பிழைத்தவன். சொல்நயம், பொருள்நயம், ஓசைநயம், அணிநயம் என்று நான்கு தலைப்புப் போட்டுவிட்டு, எந்தச் செய்யுளைக் கொடுத்தாலும் நான்கையும் கண்டுபிடித்துவிடுவார்கள். புலவர் வைக்காத எதுகையைக்கூட ஒரு பையன் கண்டெடுத்தான். அந்தப் பாவம் என் தலையில்தான். இப்போது ஒரு மனிதருக்கு நயம் எழுத உட்கார்ந்தால் ஒரு தலைப்பும் வருவதாயில்லை. குவித்த கை வருகிறது. ஊதுகிற வாய் வருகிறது. வந்தபடி எழுதுகிறேன். பெயர் வேண்டாம். தோட்டத்தில் அவருக்குப் பெயர் டீமேக்கரையா. நான் அண்ணே என்பேன். அவரைவிட 16 வயது இளையவன் நான். ஆனாலும் அவருக்கு மாஸ்டர்தான்.

1986 தை மாதம் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்துப் போனேன். தங்குவதற்கு ஸ்டோருக்குக் கீழே ஒரு காம்பரா கொடுத்தார்கள். முதல் ராத்திரியே தூக்கம் போயிற்று. நடுச்சாமம் தாண்டியதும் கூரைத் தகரம் அதிர ஒரு சத்தம் தொடங்கியது, தொடங்கியது தொடங்கியதுதான். போர்வையைச் சுற்றிக்கொண்டு படியேறிப் போனேன். மூடுபனியில் ஜன்னல்கள் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தன. வாசலில் நின்றவர் ஏன் வந்தீர்கள், யார் நீங்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. "குளிருதா மாஸ்டர்? ட்ரையர் பக்கமா வந்து நில்லுங்க" என்றார். ட்ரையரின் வாயிலிருந்து கறுப்பாகத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. புதுத் தூளில் ஒரு கோப்பை போடலாமே என்று நான் ஆசையாகக் கேட்டேன்.

"வேணாம் மாஸ்டர். இப்பத்தான் நெருப்புலருந்து வந்திருக்கு. கோவமா இருக்கும். ரெண்டு நாள் தூங்கி எந்திரிக்கட்டும்."

முந்தின கிழமைத் தூளில் ஊற்றித் தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பேசவே இல்லை. கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் ஊர் எது என்று கேட்டார்.

ராத்திரியில் ஏன் இந்த வேலை என்பதை மெதுமெதுவாகத்தான் தெரிந்துகொண்டேன். பகலெல்லாம் கிள்ளிய கொழுந்து மாலையில் மாடிக்குப் போகும். நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றடித்து, மணிக்கணக்கில் வாட விடுவார்கள். அதை உருட்டும்போதும் பரப்பும்போதும் சுற்றுப்புறம் குளிர்ந்திருக்க வேண்டும்; சூடு ஏறினால் இலை தன் இஷ்டத்துக்கு ஓடிவிடும். அதனால்தான் சாமத்து வேலை. வாடினது போதுமா என்று பார்க்க ஒரு பிடி கொழுந்தை எடுத்துப் பந்தாக அமுக்குவார். கையை விரித்ததும் அது சட்டென்று விரிந்துவிட்டால் இன்னும் வாடவில்லை. விரியாமலே நொறுங்கிக் கிடந்தால் காய்ந்துவிட்டது. சோம்பலாக, ஒவ்வொரு இலையாக, மனமில்லாமல் விரிய வேண்டும். "தூக்கத்துல பொரண்டு படுக்கிற புள்ள மாதிரி" என்று சொல்லி, அந்தப் பந்து முழுக்க விரியும்வரை கையை அசைக்காமல் வைத்திருப்பார். வாடிய ஒரு பிடி இலைக்கு இவ்வளவு மரியாதை தேவையா என்று அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

பிறகு ரோலர். பித்தளைப் பற்கள் வைத்த வட்ட மேசைமேல் கொழுந்து முறுகும். சல்லடையில் ஆட்டியதும் சிறியது கீழே விழும். அதற்குப் பெயர் தூள். ஆங்கிலத் தேயிலைப் புத்தகத்திலும் அது தூள்தான். விழுந்த தூளைப் பரப்பி வைத்ததும் டீமேக்கரின் உண்மையான வேலை தொடங்குகிறது. நொதித்தல் என்று பாடநூல் எழுதும். வெட்டிவைத்த ஆப்பிள் காற்றுப் பட்டுச் சிவப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பச்சை மெதுவாகச் செம்பு நிறத்துக்கு வரும். எங்கே நிறுத்துவது? ஐந்து நிமிடம் முந்தினால் தேத்தண்ணியில் பச்சை வாடை. பத்து நிமிடம் பிந்தினால் நிறம் மட்டும் மிச்சம், உயிர் போயிருக்கும். 1925 இல் தொடங்கி, இப்போது தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் அளவும் நேரமும் எழுதிக் கொடுத்திருக்கிறது. அவர் அதையெல்லாம் மதிப்பவர். வெப்பமானியைப் பார்ப்பார், மணிக்கூட்டைப் பார்ப்பார். பார்த்துவிட்டு இரண்டையும் மறந்துவிட்டுக் குனிவார்.

அந்தக் குனிதலில் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போனார். முதலில் புல் வெட்டிய வாசம். கொஞ்ச நேரத்தில் வெள்ளரிக்காய் நறுக்கியதுபோல ஒன்று. பிறகு மெல்லிய ஒரு மணம் வந்து, அது வந்ததே என்று நான் சந்தோஷப்படுவதற்குள் காணாமல் போனது. "போயிருச்சேண்ணே" என்றேன். "போவட்டும். இது மொத மூக்கு. இதுல ஏமாந்தவன்தான் நிறைய. இரண்டாவது மூக்கு வரும், நில்லுங்க." வாசமே இல்லாத ஒரு இடைவெளியில் இருவரும் குனிந்தபடி நின்றோம். மறுபடி அது வந்தபோது பழத்தின் மணமாக வந்தது. இன்ன பழம் என்று சொல்ல வராது. அது இனிப்பாக மாறத் தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் கையைத் தூக்கினார். ட்ரையர்காரர் பெட்டியை இழுத்தார். தொண்ணூறு பாகையைத் தாண்டிய காற்றில் இருபது நிமிடம். நூறில் மூன்று பங்கு ஈரம் மட்டும் மிச்சமாகத் தூள் வெளியே வந்தது. நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோத் தூளாகிவிட்டது.

பதம் என்ற சொல்லை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். சொல் என்றும் பொருள், பாதம் என்றும் பொருள், பக்குவம் என்றும் பொருள். கத்தி விரலைப் பதம் பார்க்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு. இவ்வளவு தெரிந்த எனக்குப் பதம் என்பது நிறுத்தத் தெரிவது என்று தெரிந்தது அந்த ராத்திரியில்தான்.

அவருக்கு அது ஸ்டோருக்கு வெளியிலும் கைவந்திருந்தது. நம் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு எழுந்து போகத் தெரியாது. "அப்ப நான் வாறேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் இன்னும் அரைமணி நேரம் நிற்பார்கள். இவர் பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே எழுந்துவிடுவார். இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று நம்மை நினைக்க வைத்துவிட்டுத் தகரப் படலையைச் சத்தமில்லாமல் சாத்துவார். காமன் கூத்துக் கூட்டத்தில் ஒருமுறை இரண்டு டிவிசன்காரர்களுக்கும் வாய்ச்சண்டை முற்றி, எவனோ ஒருவன் இன்னொருவனின் தாயை இழுக்கப் போனான். வார்த்தை வெளியே வருவதற்குள் இவர் தும்மினார். பெரிய தும்மல். மூன்று முறை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அது மூக்குப்பொடித் தும்மலா நாடகத் தும்மலா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "மூக்கு நம்ம சொத்து மாஸ்டர், எப்பிடியும் பாவிப்போம்" என்பதோடு சரி.

தேயிலைச் சுவைக்கு வெள்ளைக்காரர்கள் விட்டுச்சென்ற ஒரு சொல்லகராதியே இருக்கிறது. கொழும்பில் 1883 இல் ஏலம் தொடங்கிய காலத்திலிருந்து புழங்குகிற சொற்கள். டீமேக்கர்கள் எல்லோரும் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இவரும் துரைமாரோடு பேசும்போது அதில்தான் பேசுவார். ட்ரையர்காரரோடும் சல்லடைப் பெண்களோடும் பேசும்போது வேறொரு அகராதி. அதிகம் நெருப்புப் பட்டது காந்தல். சோற்றுப்பானை அடிப்பிடித்த அதே காந்தல். நெருப்புப் போதாமல் ஈரத்திலேயே வெந்தது புழுங்கல். நாக்கில் விழுந்ததும் துள்ளினால் சுள்ளு. துள்ளாவிட்டால் சப்பு. விறகுப் புகை ஏறியது புகை குடிச்சது. நிறமிருந்து கனமில்லாதது, "சட்ட மட்டும் போட்டிருக்கு". வேறு ஏதோ வாசம் (டீசலோ பெயின்ற்றோ) ஒட்டிக்கொண்டது, "பக்கத்து வீட்டுக்குப் போய் வந்திருக்கு". இதெல்லாம் எங்கும் எழுதியிருக்கவில்லை. யாரும் மனப்பாடம் செய்யவும் இல்லை. ஆனால் அவர் "சப்பு" என்றால் மாடியில் வாட்டல் பார்க்கிறவனுக்கு எங்கே பிழை என்று விளங்கிவிடும். ஒரு கொப்பியில் இந்தச் சொற்களைக் குறித்து வைத்தேன். முப்பத்தொன்று இருக்கின்றன. அதற்கு மேலும் இருந்திருக்கும், நான் சோம்பேறி.

நுவரெலியாத் தேயிலையைப் பற்றி அவர் சொன்னது அந்தக் கொப்பியில் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஆறாயிரம் அடிக்கு மேலே விளைகிற அந்தத் தேயிலையின் சாயம் வெளிறித்தான் இருக்கும். "பார்த்தா சும்மா தண்ணி மாதிரி உக்காந்திருக்கும் மாஸ்டர். உள்ள போன பொறகுதான் தான் யாருன்னு சொல்லும்." டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தூளுக்கு நிறமும் உண்டு, உடம்பும் உண்டு, அதை அவர் நேசித்தார். ஆனால் மரியாதை வைத்திருந்தது நுவரெலியாவிடம்தான். தை, மாசி, பங்குனியில் வறண்ட காற்று அடித்து, ராத்திரி பனி விழும் காலத்தில் மேற்குச் சரிவுகளின் தேயிலைக்கு ஒரு வாசம் வரும். வருடத்தில் சில கிழமைகள்தான். அந்த நாட்களில் அவர் வீட்டுக்குச் சாப்பிட மட்டும் போவார். "காத்து திரும்பிருச்சு" என்று அண்ணி சொன்னால் அவர் இனி ஸ்டோரிலேயே படுப்பார் என்று அர்த்தம்.

ஸ்டோருக்குள் நுழைந்ததும் இடது மூலையில் ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம், இயந்திரம். அந்த இயந்திரங்களைக் காக்கிற முனி. தமிழ்நாட்டிலிருந்து வந்த சனங்கள் கொண்டுவந்த சாமிகளோடு இங்கே வந்து பிறந்த சாமி. பெல்ட்டில் கை போய்விடுமோ என்ற பயத்தில் பிறந்தவர் என்பேன் நான். இவர் விளக்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடுத்த வேலையாக ஒவ்வொருவன் உடுப்பையும் பார்ப்பார். தோளில் துண்டு தொங்குகிறதா, சாரம் தழைந்து கிடக்கிறதா, கையில் கயிறு கட்டியிருக்கிறானா. முனி பாதி, நான் பாதி என்பதுபோல அந்தப் பார்வை இருக்கும்.

1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும், தன் பங்களா வராந்தாவிலேயே வைத்துக் கொழுந்தைக் கையால் உருட்டிக் கரி அடுப்பில் வாட்டியதும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை ஒருமுறை வாசித்துக் காட்டினேன். நம் ஆட்களின் பெயரைக் காணோமே என்று நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு எங்கோ இருந்தார். "அந்த வராந்தாவுல யாராவது ஒருத்தன் இப்பிடி அள்ளி ஊதிப் பாத்திருப்பான், இல்லையா மாஸ்டர்? அவனுக்கு மொத தடவ என்ன வாசம் வந்திருக்கும்?" என்றார்.

அவருடைய நல்ல மனதைப் பற்றி எழுத வேண்டுமென்றால் மழையில் தொடங்க வேண்டும். மழை நாளில் கொழுந்து ஈரமாக வரும். மலையில் நிறுக்கும்போது தண்ணிக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கழிக்கிற கை தாராளமாக இருந்தால் நாள் முழுக்க நனைந்தவளுக்குப் பேர் (நாட்கூலி) குறைந்துவிடும். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையில் ஒரு பெண் நிறையக் கொழுந்து எடுத்ததையே சந்தேகிப்பார்கள். 1980 இல் வந்த அந்தத் தொகுப்பை நான்தான் அவருக்குக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு கிழமை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு மழை நாளில் நனைந்த கொழுந்தில் ஒரு கூடையைத் தனியாக வாங்கி நிறுத்தார். தொட்டியில் பரப்பி, மேலே நின்ற தண்ணீர் போகும்வரை விசிறியைப் போட்டார். திரும்ப நிறுத்தார். இரண்டு எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார். இப்படிப் பதினைந்து மழை நாள். மாதக் கடைசியில் அந்தக் காகிதங்களைத் தேதி வரிசையில் குண்டூசி குத்தி, பெரிய துரையின் மேசையில், மற்றக் காகிதங்களோடு காகிதமாக வைத்துவிட்டு வந்துவிட்டார். ஒரு சொல் பேசவில்லை. அடுத்த மழைக்குக் கழிவு குறைந்தது. அது எதனால் குறைந்தது என்று மலையில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்காது, குண்டூசி இல்லை என்று என்னிடம் கேட்டு வாங்கினார், அதனால் தெரியும்.

அதே மாதிரி இன்னொன்று. நல்ல தூள் எல்லாம் மூட்டை கட்டிக் கொழும்புக்குப் போகும். கிள்ளினவர்களுக்கு மாதாமாதம் கிடைப்பது டஸ்ட். அதில் தும்பும் குச்சியும் கலந்திருந்தாலும் கேட்பாரில்லை. லயத்துக்குக் கொடுக்கிற தூளை இவர் ஒரு தரம் கூடுதலாகச் சலிக்கச் செய்வார். கூலி கூடப் போகிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, "சல்லட சும்மாதானே கெடக்கு" என்றார். சல்லடை சும்மா கிடக்கவில்லை. தன் சாப்பாட்டு நேரத்தில் அவரே அதன் பக்கத்தில் நிற்பார்.

இனித் தலைப்புக்கு வருகிறேன்.

சுவை பார்க்கிறவர்கள் தேத்தண்ணியைக் கரண்டியிலிருந்து சத்தமாக உறிஞ்சுவார்கள்; காற்றோடு சேர்ந்து அது நாக்கிலும் மூக்கிலும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும். ஸ்டோரில் அவர் உறிஞ்சினால் மாடிக்குக் கேட்கும். வெளி வீடுகளில் அதே ஆள் பூனை மாதிரிக் குடிப்பார். அத்தனை கூர்மையான நாக்கை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் போய்த் தேத்தண்ணி குடிப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். கல்யாண வீடு, சடங்கு வீடு, கேத வீடு, பிள்ளை பெயில் ஆன வீடு. அண்டாவில் கொதித்துக் கொதித்துக் கறுத்தது, புகை குடித்தது, போன தீபாவளிக்கு வாங்கிய தூளில் போட்டது. கொண்டுவந்து கொடுத்தவர்கள் தட்டோடு நகராமல் நிற்பார்கள். டீமேக்கரையா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது அந்த வீட்டுக்குச் சான்றிதழ்.

அவருக்குப் பொய் வராது. ஒரு மிடறு குடிப்பார். அந்த இரண்டு விநாடி குனிந்திருப்பார். பிறகு முகமெல்லாம் மலர, "நல்ல சூடு!" என்பார்.

அது உண்மைதான். சூடாகத்தான் இருந்தது. அந்தக் கோப்பையில் புகழக்கூடியதாக இருந்த ஒரே விஷயத்தைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். சில இடங்களில் சூடும் இருக்காது. அப்போது, "கோப்ப எவ்வளவு சுத்தம்!" வட்டவளையில் ஒரு வீட்டில் இரண்டுமே இல்லை. என்ன செய்யப்போகிறார் என்று நான் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்து, கொடுத்த கிழவியைப் பார்த்து, "நிறையத் தந்தீங்கம்மா" என்றார். வரும் வழியில் பஸ்ஸில் நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனேன். அவர் சிரிக்கவில்லை. "என்ன மாஸ்டர், அவங்க நிறையத்தானே தந்தாங்க?" என்றார்.

அதிலிருந்து எனக்கும் அவருக்கும் அது ஒரு பரிபாஷை. பாடசாலைக்கு வந்த புது அதிபர் எப்படி? நல்ல சூடு. மகனுக்குப் பார்த்த பெண் வீட்டார் எப்படி? கோப்பை சுத்தம். நான் எழுதிய கவிதை ஒன்று வீரகேசரிப் பத்திரிகையில் வந்தபோது, படித்துவிட்டு, "எழுத்து நல்லா பெருசா போட்டிருக்காங்க" என்றார். நான் அதற்குப் பிறகு கவிதை எழுதவில்லை.

அவருக்கு ஒரு அண்ணன். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்த கணக்கில் போனவர். ஹற்றன் ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்ட நாளைப் பற்றி இவர் அதிகம் பேச மாட்டார். முதல் சுரங்கம்வரை மனம் கூடவே போனது, அதற்குள் இருட்டிவிட்டது என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போய், கடைசியில் நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம், திரும்பிப் போனவர்களுக்காக அரசு வைத்த தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். போய்வருகிறவர்கள் கையில் இவர் இங்கிருந்து ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவார். அவர் அங்கிருந்து ஒன்று அனுப்புவார். கடிதத்தில் சுகம் விசாரித்து இரண்டு வரி, தூளைப் பற்றி ஒரு பக்கம். அண்ணன் ஸ்டோரில் வேலை செய்தவரில்லை, மண்வெட்டி பிடித்தவர். ஆனாலும் நீலகிரிப் பொட்டலத்தைப் பிரித்து ஊதி வாங்கும்போது மட்டும் இவர் இரண்டு விநாடியில் நிமிர மாட்டார். நான் எண்ணியதில்லை, எண்ணக் கூடாது என்று தோன்றும்.

ஓய்வு பெற்றதும் குவாட்டர்ஸை விட வேண்டிவந்தது. கொட்டகலையில் கொல்லைப்புறம் நாலு தேயிலைச் செடியோடு குடியேறினார். 2021 இல் அவருக்குக் கொரோனா வந்தது. உயிர் தப்பியது, மூக்குப் போய்விட்டது. நான் போனபோது திண்ணையில் ஒரு டப்பாத் தூளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அள்ளினார், ஊதினார், வாங்கினார். குனிந்தே இருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "யாரும் இல்ல மாஸ்டர்" என்றார். அவரிடம் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அந்த வருடம்தான் உரத்துக்குத் தடை வந்து மலையெல்லாம் வெளிறிக் கிடந்தது. அதைச் சொன்னால் இன்னும் வருந்துவாரே என்று நெல்லிக்காய் விலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து விடியற்காலையில் ஒரு டெலிபோன். பதறிப்போய் எடுத்தேன். "மாஸ்டர், காந்தல் வந்திருச்சு! ஒங்க அண்ணி சோத்த அடிப்புடிக்க வுட்டுட்டா. மொத வந்திருக்கிறது காந்தல். மத்ததெல்லாம் பின்னால வரும்." பின்னால் அண்ணியின் குரல் ஏதோ திட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த அடிப்பிடித்த சோற்றை வேறு யாருக்கும் கொடுக்காமல் அவரே சாப்பிட்டாராம். புழுங்கல் ஒரு மாதத்தில் வந்தது; சுள்ளு அடுத்த தையில். பழ மணம் வந்ததா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கேத வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பழைய ஸ்டோரிலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். தப்பு அடித்தவர்கள் காமன் கூத்துக்கு அடிக்கிறவர்கள்தான். தப்பு அதுதான், அடி வேறு. சல்லடையில் நின்ற ஒரு பாட்டி பெட்டிக்குப் பக்கத்தில் போய், அழாமல், அவர் சட்டைக் கொலரைச் சரி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். காற்று வறண்டு, வெயிலிலும் குளிர்ந்தது. நல்ல மாசிக் காற்று. ரோலர் ஓடுகிற ஸ்டோர்களில் எல்லாம் அந்த ராத்திரி வாசம் வந்திருக்கும்.

எடுத்து அடக்கம் செய்து திரும்பும்போது இருட்டிவிட்டது. பின்பக்கம் மூன்று கல் அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கொதித்தது, வற்ற வற்றத் தண்ணீர் ஊற்றி, வெளிற வெளிறத் தூள் போட்டது. பிள்ளை ஒன்று ஒரு கோப்பை கொண்டுவந்து நீட்டியது. அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை என்றார்கள். ஒரு மிடறு குடித்தேன். புகை, காந்தல், புழுங்கல் மூன்றும் ஒரே கோப்பையில். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"நல்ல சூடு அண்ணி" என்றேன்.

அண்ணியின் வாய்க்கோடியில் என்னவோ அசைந்தது.

"அப்ப வாயில வைக்க முடியல, அப்பிடித்தானே மாஸ்டர்?" என்றார். "அம்பது வருஷமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு மனுசன்."

பிள்ளையிடம் என் கோப்பையை வாங்கச் சொல்லி, அண்டாவைக் கீழே இறக்கச் சொல்லி, புதுத் தண்ணீர் வைக்க எழுந்தார்.